டிராஃப்ட் முடிந்த மறுநாள் எதை மதிப்பிடலாம்?

அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் மூன்று நாட்களுக்கு, கல்லூரி வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டை நடத்துகிறது. சனிக்கிழமை மாலை கடைசிப் பெயர் வாசிக்கப்படும். ஞாயிறு விடிவதற்குள் 32 அணிகளுக்கும் நிபுணர்கள் ஏ, பி, சி என்று மதிப்பெண் போட்டு வெளியிட்டுவிடுவார்கள். தேர்வான இளைஞர்களில் ஒருவர்கூட அதுவரை புதிய அணியின் பயிற்சிக்குப் போயிருக்க மாட்டார். இருந்தாலும் அந்தப் பட்டியலை எல்லோரும் படிக்கிறார்கள், நானும் விடுவதில்லை. அதில் எதை எடுத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்று தெரிந்துவிட்டால் ஓர் அணியின் புதிய தேர்வுகளை நாமே எடைபோட்டுப் பார்க்கலாம். கற்றுக்கொள்ள ஒரே ஓர் அணியைக் கூர்ந்து பார்த்தாலே போதும். நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது 2012-ல் சியாட்டில் சீஹாக்ஸ் செய்த தேர்வுகளை.

முதலில் அடிப்படை. இது பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும், தலைக்கவசத்தோடு மோதியும் ஆடுகிற விளையாட்டு. கல்லூரிகளில் ஆடி முடித்தவர்கள் பெரும்பாலும் டிராஃப்ட் வழியாகவே தொழில்முறை அணிகளுக்குள் வருகிறார்கள். ஐ.பி.எல். ஏலத்தில் அதிகத் தொகை கூறும் அணிக்கு வீரர் போவார். டிராஃப்டில் தொகைக்கு வேலையே இல்லை, வரிசைதான் எல்லாம். முந்தைய பருவத்தில் கடைசி இடத்தில் முடித்த அணி முதலில் தேர்வு செய்யும், சாம்பியன் கடைசியில். இப்படி ஏழு சுற்றுகள். தன்னைத் தேர்ந்தெடுத்த அணி பிடிக்கவில்லை என்றாலும் வீரருக்குப் பெரும்பாலும் வேறு வழியில்லை. வலுவான அணிகளே மேலும் வலுவாகிக்கொண்டு போவதைத் தடுக்க 1936-ல் தொடங்கிய ஏற்பாடு இது. அந்த முதல் டிராஃப்டில் முதலாவதாக அழைக்கப்பட்ட ஜே பெர்வாங்கர், என்.எஃப்.எல்.லில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வேறு வேலைக்குப் போய்விட்டார். வீரர்களை மதிப்பிடுவது எத்தனை சிரமம் என்பது முதல் நாளிலேயே தெரிந்துவிட்டது!

இன்னும் இரண்டு விதிகள் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, தேர்வு எண்களை அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம். முன்னேற விரும்பும் அணி கூடுதல் எண்களைத் தந்து இடம் வாங்கும். இரண்டு, 2011 முதல் புதியவர்களின் சம்பளம் எத்தனையாவதாகத் தேர்வானார்கள் என்பதை வைத்தே ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. 2010-ல் முதலாவதாகத் தேர்வான சாம் பிராட்ஃபோர்டின் ஒப்பந்தம் ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர். அடுத்த ஆண்டு அதே இடத்தில் வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு 2.2 கோடிதான். இந்த வீழ்ச்சி டிராஃப்டின் கணக்கையே மாற்றிப்போட்டது. எப்படி என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது சியாட்டில். 2011 பருவத்தில் 7 வெற்றி, 9 தோல்வி. 2012 டிராஃப்டில் 12-வது இடம். பயிற்சியாளர் பீட் கேரல், பொது மேலாளர் ஜான் ஷ்னைடர். 12-ஐ ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்குக் கொடுத்து 15-க்கு இறங்கி, புரூஸ் இர்வினை எடுத்தார்கள். எதிரணியின் தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை வீசுமுன் பாய்ந்து வீழ்த்துவதே இர்வினின் ஒரே திறமை என்றும், அவர் முதல் சுற்றுக்குரியவரே அல்ல என்றும் பேச்சு. இரண்டாம் சுற்றில் 47-வதாக யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தின் லைன்பேக்கர் என்ற தடுப்பாட்டக்காரர் பாபி வாக்னர். மூன்றாம் சுற்றில் 75-வதாக ரஸ்ஸல் வில்சன் என்ற குவார்ட்டர்பேக். உயரம் 5 அடி 11 அங்குலத்துக்கும் சற்றுக் குறைவு. ஆறடிக்கு மேற்பட்ட தடுப்பாளர்களின் தலைக்கு மேல் பார்த்து வீச வேண்டியவருக்கு இந்த உயரம் எப்படிப் போதும் என்று கேட்டார்கள். மறுநாள் வந்த மதிப்பெண்களில் சியாட்டில் பெரும்பாலும் அடிமட்டத்தில் இருந்தது. எஃப் வரை இறங்கியவர்களும் உண்டு.

இரண்டே பருவங்கள் கழித்து, 2014 பிப்ரவரி 2 அன்று, அதே சியாட்டில் டென்வரை 43-8 என்று நசுக்கி, லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றது. குவார்ட்டர்பேக் வில்சன். தடுப்பாட்டத்தின் நடுவில் வாக்னர்.

இதைச் சொல்லி "நிபுணர்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று முடித்துவிடுவது எளிது. பலரும் அப்படித்தான் முடிக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த மதிப்பெண் எதை அளந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். மதிப்பெண் போடுபவரிடம் முந்நூறு வீரர்களைத் தரம் பிரித்து அவரே தயாரித்த ஒரு பட்டியல் இருக்கிறது. அணியிடம் வேறொரு பட்டியல். அவர் 45-வது இடத்தில் வைத்திருந்த வீரரை அணி 15-வதாக எடுத்தால் மதிப்பெண் குறைகிறது. 15-ல் வைத்திருந்தவரை 45-ல் எடுத்தால் ஏறுகிறது. ஆக அவர் அளப்பது இரண்டு பட்டியல்களுக்கும் இடையிலான தூரத்தை. எந்தப் பட்டியல் சரி என்பது அன்று யாருக்கும் தெரியாது. அணியிடம் மருத்துவ அறிக்கைகள், நேர்காணல்கள், ஆண்டு முழுவதும் கல்லூரி கல்லூரியாகச் சுற்றிய ஆட்களின் குறிப்புகள் எல்லாம் இருக்கின்றன. ஆனால் அணிகளும் அடிக்கடி சறுக்குகின்றன.

அப்படியானால் டிராஃப்ட் முடிந்த மறுநாள் நம்மால் மதிப்பிட முடிந்தது எது? வீரர் எப்படி ஆடுவார் என்பதை விட்டுவிடலாம். அணி எடுத்த முடிவு நியாயமானதா என்பதை மட்டும் பார்க்கலாம். இரண்டும் வேறு வேறு. இதைப் புரிந்துகொள்ள வில்சனுக்கு ஐந்து இடம் முன்னால் நடந்ததைப் பார்த்தால் போதும்.

அந்த ஆண்டு 70-வது தேர்வு ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ் கையில் இருந்தது. அவர்களிடம் முந்தைய ஆண்டு முதல் சுற்றில் எடுத்த ஒரு குவார்ட்டர்பேக் தடுமாறிக்கொண்டிருந்தார். ஜாக்சன்வில் எடுத்தது பிரயன் ஆங்கர் என்ற பண்டரை. தாக்குதல் ஆட்டம் பலிக்காதபோது களத்துக்கு வந்து, பந்தை உயர உதைத்து எதிரணியைத் தொலைவுக்குத் தள்ளுவது பண்டரின் வேலை. ஓர் ஆட்டத்தில் நான்கைந்து முறை வருவார். ஆங்கர் மோசமான வீரர் அல்ல. பத்தாண்டுக்கும் மேலாக லீகில் நீடித்தவர், பின்னாளில் டல்லஸ் அணியிலிருந்து நட்சத்திர ஆட்டமான புரோ பவுலுக்கும் தேர்வானார். வீரரை மட்டும் பார்த்தால் நல்ல தேர்வு. முடிவைப் பார்த்தால் தவறு. உலகத்தரமான பண்டருக்கும் சுமாரான பண்டருக்கும் இடையிலான வித்தியாசம் ஓர் உதைக்குச் சில கெஜங்கள்தான். அப்படிப்பட்டவரைக் கடைசிச் சுற்றிலோ, டிராஃப்டே முடிந்த பிறகோ எடுத்துக்கொள்ளலாம். இதை 2012 ஏப்ரலிலேயே, ஒரு பந்துகூட உதைக்கப்படாமலே சொல்ல முடிந்தது. சொன்னவர்கள் சொன்னது சரி. அந்தப் பருவத்தில் ஜாக்சன்வில் 16 ஆட்டங்களில் 2-ல் வென்றது.

ஆட்ட நிலையின் மதிப்புதான் நான் முதலில் பார்ப்பது. குவார்ட்டர்பேக்கின் கைபடாமல் எந்தத் தாக்குதலும் தொடங்குவதில்லை என்பதால் அவருக்கு ஈடு எவருமில்லை. அடுத்து அவரைக் காக்கும் இடது டேக்கிள், அவரை வேட்டையாடும் விளிம்பு வீரர், பந்தை வாங்கும் ரிசீவர், அந்த ரிசீவரை மறிக்கும் கார்னர்பேக். சந்தையில் இவர்களுடைய சம்பளத்தைப் பார்த்தாலே இந்த வரிசை தெரியும். பந்தைக் கையில் வாங்கி ஓடும் ரன்னிங் பேக் ஒரு காலத்தில் ராஜா. இன்று முதல் பத்துக்குள் ஒருவரை எடுத்தால் புருவங்கள் உயரும்.

அடுத்து விலை. இது இந்தக் கட்டுரையின் மையம் என்றே சொல்வேன். 1990-களின் தொடக்கத்தில் ஜிம்மி ஜான்சன் பயிற்சியாளராக இருந்த டல்லஸ் அணி, ஒவ்வொரு தேர்வு எண்ணுக்கும் ஒரு புள்ளி மதிப்புக் கொடுத்து அட்டவணை போட்டது. முதல் தேர்வுக்கு 3,000 புள்ளி, இரண்டாவதற்கு 2,600, பத்தாவதற்கு 1,300. மெல்ல மெல்ல எல்லா அணிகளும் அதையே பயன்படுத்தத் தொடங்கின. சியாட்டில் கொடுத்த 12-க்கு அதில் 1,200 புள்ளி. பதிலுக்குக் கிடைத்த 15-க்கு 1,050. கூடவே வந்த 114-க்கு 66. 172-க்கு இருபதைச் சற்றே தாண்டிய மதிப்பு. கூட்டிப் பார்த்தால் சியாட்டிலுக்கு அறுபது புள்ளி போல நஷ்டம். அட்டவணைப்படி ஈகிள்ஸ் லாபம்.

ஆனால் அந்த அட்டவணையே சரிதானா? கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். தேலர் பின்னாளில், 2017-ல், பொருளாதார நோபல் பெற்றவர். அணிகள் முன்வரிசைத் தேர்வுகளுக்கு அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்பது அவர்கள் கண்டது. தங்கள் கணிப்பின் மேல் அணிகளுக்கு இருக்கும் நம்பிக்கை, அந்தக் கணிப்பின் தரத்தைவிடப் பெரியது. ஒரே நிலையில் ஆடும் இருவரில் முன்னால் தேர்வானவர், அவருக்கு அடுத்தபடியாகத் தேர்வானவரைவிடச் சிறப்பாக ஆடும் வாய்ப்பு சுமார் 52 சதவீதம்தான். காசைச் சுண்டிப் போட்டாலும் 50 வரும். ஆகவே சற்றுப் பின்னால் இறங்கி, கூடுதல் எண்களை வாங்கிக்கொள்ளும் அணியைப் பார்த்தால் நான் மனத்துக்குள் அரை மதிப்பெண் கூட்டிக்கொள்வேன். சீட்டு அதிகம் வைத்திருப்பவருக்குப் பரிசு விழ வாய்ப்பு அதிகம்.

சியாட்டில் அந்த ஆண்டு இதை இருமுறை செய்தது. இரண்டாம் சுற்றில் 43-வது இடத்தை நியூயார்க் ஜெட்ஸுக்குக் கொடுத்து, 47-ஐயும் இரண்டு பின்வரிசை எண்களையும் வாங்கியது. ஜெட்ஸ் அப்படி முன்னேறி வந்து எடுத்தது ஸ்டீஃபன் ஹில் என்ற ரிசீவரை. ஆறடி நான்கங்குல உயரம்; இண்டியானாபொலிஸில் ஆண்டுதோறும் நடக்கும் கம்பைன் என்ற உடற்தகுதிச் சோதனையில் 40 கெஜத்தை 4.4 விநாடிக்குள் ஓடி எல்லோரையும் வாய்பிளக்க வைத்தவர். நான்கு இடம் தள்ளி சியாட்டில் எடுத்த வாக்னரோ, நிமோனியா வந்து அந்தக் கம்பைனில் பங்கேற்கவே இல்லை. ஹில் ஜெட்ஸில் இரண்டு பருவம் ஆடியதோடு சரி. வாக்னர் ஆறு முறை, ஆண்டின் சிறந்த வீரர்களை லீக் முழுவதிலுமிருந்து பொறுக்கிப் போடும் பட்டியலின் முதல் அணியில் இடம்பெற்றார். கம்பைன் எண்கள் பயனற்றவை என்று இதற்குப் பொருளல்ல. ஓட்டவேகம் கல்லூரி ஆட்டத்தில் கண்டதை உறுதிசெய்தால் நல்லது. ஆட்டத்தில் காணாததை ஓட்டவேகத்தை வைத்துக் கற்பனை செய்தால் ஆபத்து.

வயதையும் பாருங்கள். அந்த ஆண்டு கிளீவ்லாந்து பிரௌன்ஸ் 22-வதாக எடுத்த குவார்ட்டர்பேக் பிராண்டன் வீடனுக்கு 28 வயது. இடையில் பேஸ்பால் ஆடப் போயிருந்தவர். 28 வயதுக்காரர் 20 வயது மாணவர்களுக்கு எதிராகக் கல்லூரியில் குவித்த எண்களை எப்படி நம்புவது? அவர் வளர்ந்து வருவதற்கு இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம்? இதுவும் டிராஃப்ட் அன்றே கேட்டிருக்கக்கூடிய கேள்விதான்.

அணியின் தேவை என்பதைப் பலர் முதலிடத்தில் வைப்பார்கள். நான் அதற்குக் குறைந்த மதிப்பே தருவேன். 2012 மார்ச்சில்தான் சியாட்டில், மேட் ஃபிளின் என்ற குவார்ட்டர்பேக்கைச் சுமார் 2 கோடி டாலர் மதிப்புள்ள மூன்றாண்டு ஒப்பந்தத்தில் எடுத்திருந்தது. "குவார்ட்டர்பேக்தான் வந்துவிட்டாரே, மூன்றாம் சுற்றை ஏன் இன்னொருவருக்கு வீணாக்க வேண்டும்?" என்பது அன்றைய குற்றச்சாட்டுகளில் ஒன்று. ஆகஸ்ட் பயிற்சி ஆட்டங்களில் வில்சன் ஃபிளினைப் பின்னுக்குத் தள்ளினார். முதல் பருவத்திலேயே 26 டச்டவுன் (பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி எடுப்பது) வீச்சுகள். புதியவர்களில் அது அன்றைய சாதனைக்குச் சமம். அணி 11 ஆட்டங்களில் வென்றது. இன்றைய தேவை அடுத்த ஆண்டே மாறிவிடும். டிராஃப்டில் எடுப்பவரோ நான்காண்டு ஒப்பந்தத்தில் வருகிறார். தேவையைவிட, அணி ஆடும் முறைக்கு வீரர் பொருந்துவாரா என்ற கேள்வி எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுற்றி ஓடி, நகர்ந்துகொண்டே வீசும் குவார்ட்டர்பேக்குக்கு உயரம் அத்தனை பெரிய தடையல்ல என்று சியாட்டில் கணக்குப் போட்டது.

இனி சம்பளம். என்.எஃப்.எல்.லில் ஒவ்வோர் அணிக்கும் மொத்தச் சம்பள வரம்பு உண்டு. 2013-ல் அது 12.3 கோடி டாலர். மூன்றாம் சுற்றில் வந்த வில்சனின் ஒப்பந்தம் நான்கு ஆண்டுக்கும் சேர்த்துச் சுமார் 30 லட்சம் டாலர். அந்த ஆண்டு வரம்பில் அவர் எடுத்துக்கொண்டது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. அனுபவம் மிக்க நல்ல குவார்ட்டர்பேக்குக்குக் கொடுக்க வேண்டிய கோடிகள் கையில் மிச்சம். அந்த இடைவெளியில்தான் மைக்கேல் பென்னட், கிளிஃப் அவ்ரில் என்ற இரண்டு தடுப்பாட்டக்காரர்களை 2013-ல் சந்தையிலிருந்து சியாட்டில் கொண்டுவந்தது. வில்சன் எத்தனை நன்றாக ஆடினாலும், மூன்று பருவம் முடியும்வரை ஒப்பந்தத்தைத் திருத்த விதி இடம் தரவில்லை. 2011 ஏற்பாடு கணக்கை மாற்றியது என்றேனே, அது இதுதான்: டிராஃப்டில் கிடைக்கும் நல்ல வீரரைப் போலவே அவருடைய மலிவான நான்கு ஆண்டுகளும் பரிசு. வீரரின் பக்கமிருந்து பார்த்தால் இது அநியாயம் என்றும் சொல்லலாம். உடம்பு உடையும் தொழிலில் முதல் மூன்று ஆண்டுகள் குறைந்த கூலிக்குப் போய்விடுகின்றன.

அணியை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. சியாட்டிலுக்கு வில்சன் இப்படி ஆடுவார் என்று உண்மையிலேயே தெரிந்திருந்தால், 75 வரை காத்திருப்பார்களா? 15-லும் 47-லும் அவர்களே அவரைத் தாண்டிப் போனார்கள். 2000-ல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் 199-வதாக டாம் பிரேடியை எடுத்தபோதும் இதே கதை. அதற்கு முன்பே அந்த டிராஃப்டில் அவர்கள் ஆறு பேரை எடுத்திருந்தார்கள். பிரேடி ஏழாவது ஆள். பின்னாளில் ஏழு சூப்பர் பவுல் வென்றவரைக் "கண்டுபிடித்த" அணி, அவரை ஆறு முறை வேண்டாமென்று ஒதுக்கியது. திறமையும் இருந்தது, அதிர்ஷ்டமும் சேர்ந்தது. பின்வரிசையில் கிடைத்த ஒரு வைரத்தை மட்டும் காட்டி ஒரு மேலாளரை மேதை என்று யாராவது சொன்னால், அவருடைய மற்றப் பின்வரிசைத் தேர்வுகள் என்னவாயின என்று கேளுங்கள்.

எத்தனை நாள் காத்திருப்பது? மூன்று பருவம் என்பது இந்தத் துறையில் பொதுவாகச் சொல்லும் அளவு, அது நியாயமானதே. ஒரு பருவத்தில் தீர்ப்பு எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கு வாஷிங்டனைப் பாருங்கள். 2012-ல் இரண்டாவது இடத்துக்கு முன்னேற, செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு அந்த ஆண்டின் முதல், இரண்டாம் சுற்றுத் தேர்வுகளையும், அடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்றுத் தேர்வுகளையும் கொடுத்தது. வாங்கியது குவார்ட்டர்பேக் ராபர்ட் கிரிஃபினை. முதல் பருவத்தில் அவர் தாக்குதல் ஆட்டத்தின் சிறந்த புதியவர் விருதை வென்றார். 2013 ஜனவரியில், அதே சியாட்டிலுக்கு எதிரான பிளேஆஃப் ஆட்டத்தில் முழங்கால் போயிற்று. பழைய வேகம் திரும்பவில்லை. வாஷிங்டன் அதே டிராஃப்டில் 102-வதாக, பரிகாசத்துக்கிடையே, கிர்க் கசின்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கையும் எடுத்திருந்தது. 2015-ல் அணியை நடத்தியது அவர்தான்.

காயத்தை யாரும் கணித்திருக்க முடியாது என்பது உண்மை. ஆனால் நான்கு பெரிய தேர்வுகளை ஒரே ஒருவரின் முழங்காலின் மேல் வைக்கலாமா என்பது டிராஃப்டுக்கு முன்பே கேட்கக்கூடிய கேள்வி. ராம்ஸ் மட்டும் என்ன செய்தது? வாஷிங்டனிடமிருந்து வந்த கடைசித் தேர்வு 2014-ல் இரண்டாவது எண்ணாக அமைந்தது. அதில் எடுத்த கிரெக் ராபின்சன் எதிர்பார்ப்பை நிறைவேற்றவில்லை. பேரத்தில் ஜெயித்து, தேர்வில் தோற்கலாம். இரண்டுக்கும் தனித்தனி மதிப்பெண் போடுவதே முறை.

பின்வரிசைகளைப் பற்றிச் சுருக்கமாக: அங்கே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏழாம் சுற்று வீரர் அணியில் இடம் பிடித்தாலே லாபம். சியாட்டில் 225-வதாக எடுத்த ஜே.ஆர். ஸ்வீசி கல்லூரியில் தடுப்பாட்டக்காரர். அவரைத் தாக்குதல் வரிசைக்கு மாற்றி, கார்ட் நிலையில் வழக்கமாக ஆடவைத்தார்கள். ஈகிள்ஸ் பேரத்தில் கிடைத்த 114-ல் வந்த ஜே ஹோவர்டை ஓராண்டில் விடுவித்தார்கள்; அவர் கான்சாஸ் சிட்டிக்குப் போய் நன்றாக ஆடினார். ஹோவர்டை எந்தக் கணக்கில் எழுதுவது? திறமையைக் கண்டுபிடித்ததற்கு மதிப்பெண் கொடுத்து, கைவிட்டதற்குக் குறைத்துவிடுவேன். டிராஃப்டில் எவரும் எடுக்காமல், பிறகு சியாட்டில் அழைத்துக்கொண்ட ஜெர்மெய்ன் கியர்ஸ் அந்த சூப்பர் பவுலில் டச்டவுன் எடுத்தார் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மறுநாள் மதிப்பெண்களில் இப்படிப்பட்டவர்களுக்கு இடமே இருக்காது.

இர்வினின் கணக்கு மிச்சம் இருக்கிறது. முதல் பருவத்தில் 8 முறை குவார்ட்டர்பேக்கை வீழ்த்தினார், பயனுள்ள வீரர்தான். ஆனால் சியாட்டில் கைவிட்ட 12-வது இடத்தில் ஈகிள்ஸ் எடுத்த ஃபிளெட்சர் காக்ஸ் ஆறு முறை புரோ பவுலுக்குப் போனார், சூப்பர் பவுலும் வென்றார். இர்வினுக்கு ஆறு இடம் பின்னால் நியூ இங்கிலாந்து எடுத்த சாண்ட்லர் ஜோன்ஸ் 2017-ல் லீகிலேயே அதிக முறை குவார்ட்டர்பேக்குகளை வீழ்த்தியவர். ஆக, இர்வினுக்கு முதல் சுற்று அதிகம் என்று 2012-ல் முணுமுணுத்தவர்கள் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருந்தது. அதே வாயால் வில்சனையும் நிராகரித்ததில்தான் தவறினார்கள். பத்துத் தேர்வுகளுக்கும் சேர்த்து ஒரே ஓர் எழுத்து கொடுக்கும் பழக்கம் இந்த வேறுபாட்டை மறைத்துவிடுகிறது.

ஓர் அணி தன் தேர்வைப் பற்றி உண்மையில் என்ன நினைக்கிறது என்பதைப் பேட்டிகளில் தேட வேண்டாம். ஒப்பந்தம் முடியும் நேரத்தில் பாருங்கள். முதல் சுற்று வீரரின் நான்காண்டு ஒப்பந்தத்தை ஐந்தாவது ஆண்டுக்கு நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு. மூன்றாம் பருவம் முடிந்த வசந்தத்தில் முடிவைச் சொல்லிவிட வேண்டும். 2015-ல் அந்தக் கெடு வந்தபோது சியாட்டில் இர்வினுக்கு நீட்டிப்புத் தரவில்லை; அடுத்த ஆண்டு அவர் ஓக்லாந்துக்குப் போனார். அதே 2015 கோடையில், ஒரு வாரத்துக்குள், வில்சனுக்கு நான்கு ஆண்டுக்கு 8.76 கோடி டாலரும் வாக்னருக்கு நான்கு ஆண்டுக்கு 4.3 கோடி டாலரும் எழுதிக் கொடுத்தது.